பத்து மணிக்கு வரும் பெருமக்கள்

சமூக ஆய்வாளர்களைப் போல நேரம் காப்பவர்களை எங்கள் மலையில் நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. காலை பத்து மணிக்கு அணக்கரையில் சந்திப்போம் என்று சொன்னால் ஐந்து நிமிடம் முன்னதாகவே கார் வந்து நிற்கும். முன்தின இரவே குமுளியிலோ கட்டப்பனையிலோ அறையெடுத்துத் தங்கியிருப்பார்கள். படிவங்கள் வார்டு வாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். இப்போது படிவத்துக்குப் பதில் டேப்லெட், அதுவும் முழுச் சார்ஜோடு இருக்கும். மழைக்கோட்டு, குடிதண்ணீர், அட்டைக் கடிக்கு உப்புப் பொட்டலம், எதையும் மறந்திருக்க மாட்டார்கள்.

அவர்கள் காரைவிட்டு இறங்கும் அந்த நேரத்தில், கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் வந்த பெண்கள் ஏலச்செடியின் தூரில் குனிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

சக்குபள்ளம் இடுக்கி மாவட்டத்தில், உடும்பஞ்சோலைத் தாலுகாவில் உள்ள ஊராட்சி. அணக்கரை அதன் கடைத்தெரு. செல்லார்கோவில் முனையில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் தென்னந்தோப்புகளும் கையெட்டும் தூரம்போலத் தெரியும். கீழே தமிழ்நாடு, மேலே கேரளம். மேலே ஏலக்காய், கீழே அதைக் கிள்ளும் கைகள். ஏலச்செடி உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரத்தில்தான் காய்க்கும். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்திருக்கும். பூவை உதிர்க்காமல், பிஞ்சை நோகடிக்காமல், காயை மட்டும் கிள்ள வேண்டும். ஆகவே உங்கள் வீட்டுப் பாயசத்தில் மணக்கும் ஒவ்வொரு ஏலக்காயும் ஒருவர் குனிந்தோ குத்தவைத்தோ எடுத்த காய். உலர்த்திய காய் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலத்துக்குப் போகிறது. எத்தனை கிலோ வந்தது, எத்தனை விற்றது, உச்ச விலை என்ன, சராசரி என்ன என்று ஸ்பைசஸ் போர்டு ஒவ்வொரு ஏலத்துக்கும் கணக்கு வெளியிடுகிறது. கிள்ளிய கைகளுக்கு அப்படியொரு அன்றாடக் கணக்கு கிடையாது. அந்தக் கணக்கை எடுக்கத்தான் ஆய்வாளர்கள் வருகிறார்கள். வந்ததற்கே அவர்களைப் புகழ வேண்டும். புகழ்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒரு குழுவுக்கு மொழிபெயர்க்கும் வேலைக்கு நான் போனேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. நல்ல மனிதர்கள், ஒருநாள்கூட கூலி பாக்கி வைத்ததில்லை. அவர்களிடம் நான் முதலில் வியந்தது நடுநிலையை. வாக்காளர் பட்டியலை விரித்து, ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு எட்டாவது வீடு என்று குறித்தார்கள். தனக்குப் பிடித்த வீட்டுக்குப் போகும் உரிமை எந்த ஆய்வாளருக்கும் இல்லை. சாதி பார்த்தோ, காப்பி கொடுப்பார்கள் என்று பார்த்தோ வீடு பொறுக்க முடியாது. பணக்காரர் வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் ஒரே வாய்ப்பு. இதைவிட நியாயமான ஏற்பாட்டை மனிதர்கள் அதிகம் கண்டுபிடித்துவிடவில்லை. எட்டாவது வீடு மேட்டின் உச்சியில் இருந்தாலும் செம்மண் சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறினார்கள். பாதி வழியில் திரும்பியவர் ஒருவரும் இல்லை.

அந்த மேட்டுக்கு ஏறும் வழி ஒரு ஏலத்தோட்டத்தின் ஊடாகப் போனது. காய் எடுத்துக்கொண்டிருந்த பதினைந்து பெண்களுக்கு நடுவேதான் நாங்கள் நடந்தோம். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எங்களையும் எழுதிக்கங்கப்பா" என்றார். நான் குழுத் தலைவரிடம் சொன்னேன். அவர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார், உண்மையான வருத்தத்தோடு, "இவர்கள் மாதிரியில் இல்லையே" என்றார். சரிதான். அந்த அம்மாவுக்குச் சக்குபள்ளத்தில் வீடு இல்லை, கதவெண் இல்லை, ஓட்டு இல்லை. எட்டாவது வீடாக அவர் வரவே முடியாது. எண்பதாவது வீடாகவும் வர முடியாது. விதியை ஒரு அங்குலம்கூட மீறாமல் நாங்கள் மேட்டின் உச்சிக்குப் போனோம். அங்கே ஓய்வுபெற்ற ஒருவர் எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். தோட்டத் தொழிலாளர் நிலைமை பற்றிய கேள்விகளும் அதில் இருந்தன.

அந்த அம்மா தன் ஊரில் கணக்கில் வந்துவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே குழு கீழே இறங்கியது. கம்பம் பக்கத்து ஊர்களிலும் அதே பட்டியல், அதே குலுக்கல். இந்த முறை தோட்டத்துக்குப் போகும் பெண்களின் வீடுகள் சில குலுக்கலில் விழத்தான் செய்தன. பதினொரு மணிக்குப் போனோம். வீடு பூட்டியிருந்தது. மூன்று மணிக்கு மறுபடி போனோம், பூட்டியிருந்தது. ஒரு தடவையோடு விட்டுவிடாமல் இரண்டு தடவை போக வேண்டும் என்பது விதி. அந்த விதிக்குப் பின்னால் இருக்கும் நேர்மையை நான் மதிக்கிறேன். இரண்டாவது தடவையும் பூட்டியிருந்தால் படிவத்தில் அதற்கென்று உள்ள குறியீட்டை எழுதிவிட்டு, பக்கத்து வீட்டை மாற்று வீடாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டோம். பகலில் வீட்டில் இருப்பவர்களின் வாழ்க்கை ஒவ்வொரு வரியும் பிழையில்லாமல் பதிவானது. பகலில் வீட்டில் இருக்க முடியாதவர்கள் மேலே மாதிரியில் இல்லை, கீழே வீட்டில் இல்லை. இரண்டு மாநிலத்திலும் அவர்களைத் தேடிப் போன ஒரே ஆட்கள் ஆய்வாளர்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெயர் வைப்பதிலும் இந்தத் துறையின் துல்லியம் பெரிது. நம் நாட்டுத் தேசிய மாதிரி ஆய்வின் கணக்குப்படி ஒருவர் புலம்பெயர்ந்தவர் ஆக வேண்டுமென்றால் அவர் வழக்கமாகத் தங்கும் இடம் மாறியிருக்க வேண்டும். வழக்கமான இடம் என்றால் ஆறு மாதமாவது தொடர்ந்து தங்கிய இடம். வாரம் ஆறு நாள் மாநில எல்லையைக் கடந்து மலையேறி வேலை செய்துவிட்டு இரவு சொந்த வீட்டில் வந்து படுக்கும் பெண், இந்த இலக்கணப்படி எங்கும் போகாதவர். சட்டமும் இப்படித்தான் தெளிவாக வரம்பு கட்டியிருந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களுக்கு உரியதாக இருந்தது. எங்கள் பக்கத்தில் அதைவிடச் சிறிய ஏலத்தோட்டங்கள் ஏராளம். சட்டத்தின் பட்டியலும் ஆய்வின் பட்டியலும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதுபோல ஒரே இடத்தில் வந்து நின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வற்புறுத்தலுக்காக, அந்தக் குழுவில் ஒரு தம்பி மட்டும் என்னோடு கம்பத்தில் ஒரு வீட்டுக்கு வந்தார். முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர், மரியாதை தெரிந்த பிள்ளை. திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்.

"அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை?"

"மூணரைக்கு எந்திரிச்சு ஒல வச்சா, அஞ்சு மணிக்குத் தூக்குவாளியோட ரோட்டுக்கு வந்துருவோம் தம்பி. ஜீப்பு வந்து ஏறி, மேல போய்ச் சேர ஏழு, ஏழர ஆகும். எட்டு மணிக்குக் காட்டுல எறங்குனா நாலு, நாலரைக்கு விடுவாக. வீட்டுக்கு வந்து சேர பொழுது இருட்டிரும்."

தம்பி கவனமாகக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. பிறகு படிவத்தில் "வேலை நேரம்" என்ற கட்டத்தில் 8 என்று எழுதினார். அது தவறில்லை. கேள்வி வேலை நேரத்தைத்தான் கேட்டது. ஜீப்பில் போகும் நேரத்துக்குக் கட்டம் இல்லை. மூன்றரைக்கு எரிந்த அடுப்புக்கும் கட்டம் இல்லை. பக்கத்தின் ஓரத்தில் எதையாவது எழுதுவது ஒழுங்கீனம் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கற்றுக்கொடுத்ததை அவர் அப்படியே கடைப்பிடித்தார். அக்கா சொன்ன பதினைந்து மணி நேரத்தில் ஏழு மணி நேரம் அந்தத் திண்ணையிலேயே தங்கிவிட்டது. அன்று மாலை முழுக்க எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

பணிவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் புகழ்ச்சி முழுமையாகாது. ஆய்வாளர்கள் யாருடைய நிலத்திலும் அனுமதியில்லாமல் கால் வைப்பதில்லை. தோட்டத்துக்குள்ளேயே கேட்கும் ஆய்வு என்றால் முதலில் ஊராட்சி அலுவலகம், பிறகு தோட்ட முதலாளி, பிறகு மேற்பார்வையாளர். முதலாளி பெரும்பாலும் தாராளமாகவே அனுமதிப்பார். காய் உலர்த்தும் ஸ்டோரின் வராந்தாவில் நாற்காலியும் போட்டுக்கொடுப்பார். பெண்கள் ஒவ்வொருவராக அழைக்கப்படுவார்கள். மேற்பார்வையாளர் தூணில் சாய்ந்து நிற்பார். ஒப்புதல் படிவம் வாசித்துக் காட்டப்படும்: விருப்பமில்லையென்றால் பதில் சொல்ல வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், உங்கள் பெயர் வெளியே வராது. தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்ட ஒவ்வொரு பெண்ணும் கைநாட்டு வைத்தார். ஊதியம், கழிப்பறை, மருந்தடிக்கும் நாளில் பாதுகாப்பு, முதலாளி நடத்தும் விதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகளில் விடை. "நல்லாத்தான் பாத்துக்கிறாக" என்றார்கள் எல்லோரும். அது "மிகவும் திருப்தி" என்று பதிவானது. சொன்னதில் ஒரு சொல்லைக்கூட ஆய்வாளர் மாற்றவில்லை. விடையைத் திருத்துவது இந்தத் தொழிலில் பெரும்பாவம். அந்தப் பாவத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

இந்தப் பணிவுக்குப் பெரிய முன்னோர்கள் உண்டு. ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தில் தங்கி எழுதிய "சாதி, வர்க்கம், அதிகாரம்" 1965இல் வெளிவந்தது. இன்றும் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். வெளியாளுக்கு அங்கே வீடு கிடைத்ததே பெரிய சலுகை. அக்கிரகாரத்தின் விவரங்கள் அந்த நூலில் அவ்வளவு செழிப்பாக இருக்கின்றன. ஆனால் அங்கே தங்கியதற்குத் தான் கொடுத்த விலையை அவரே எழுதினார்: ஊராரின் கண்ணில் தானும் பிராமணர் பக்கத்து ஆளாகிவிட்டதையும், ஆதிதிராவிடர் தெருவுக்குள் போவது அதனால் கடினமானதையும் மறைக்கவில்லை. எங்கே உட்கார்ந்து கேட்டோம் என்பதை நூலிலேயே சொல்லிவிடும் நேர்மை அது. அவருக்குப் பின் வந்த பலர் அவரிடமிருந்து தங்கும் முறையை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஸ்டோர் வராந்தாவின் தூண் எந்த ஆய்வறிக்கையிலும் வந்து நான் பார்த்ததில்லை.

தான் தங்கிய ஊருக்கு பெத்தேய் வைத்த ஸ்ரீபுரம் என்ற பெயர் உண்மைப் பெயரில்லை. கேத்லீன் கௌ 1951 முதல் ஆய்வு செய்த கும்பப்பேட்டையும் அப்படித்தான். சொன்னவருக்குத் தீங்கு வரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த வழக்கம் இது; பல இடங்களில் உயிரையே காக்கும் வழக்கம். எங்கள் பக்கத்திலும் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். தோட்டத்தின் பெயர் வராது, முதலாளியின் பெயர் வராது, ஊர்ப் பெயரும் மாறிவிடும். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். இத்தனை பாதுகாப்புக்குப் பிறகு தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அக்கா படித்துவிடும் ஆபத்துகூட இல்லை. நன்றியுரையில் மட்டும் உண்மைப் பெயர்கள் இருக்கும்: அனுமதி கொடுத்தவர், அலுவலர்கள், அறை கொடுத்தவர், கார் ஓட்டியவர். நன்றி மறக்காத குணம் பெரிய குணம்.

எங்கள் மண்ணின் ஆய்வு மரபு சின்ன மரபில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்தார். அந்த ஊர்களுக்கு 1930களில் மறுபடி ஆள் போனது, பிறகு 1960களில், பிறகு 1980களில். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 2008இலும் போனார்கள். ஒரே ஊரைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்பப் பார்த்த பொறுமை உலகில் அதிக இடங்களில் இல்லை. நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, கூலி எப்படி மாறியது, அடிமையாள் முறை எப்போது ஓய்ந்தது என்று நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு அந்தப் பொறுமைக்கு உண்டு. நான் இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன். ஆனால் அந்த மரபு "ஊர்" என்ற ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. ஊருக்கு எல்லை உண்டு, தெரு உண்டு, திரும்பி வந்தால் அதே இடத்தில் இருக்கும். விடியலுக்கு முன் கம்பம்மெட்டுச் சாலையில் ஏறும் ஜீப்புக்குள் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு எல்லைக்கல் கிடையாது. அதை யாரும் ஊராகக் கருதியதில்லை. அதற்குள் நடக்கும் பேச்சு, முன்பணக் கணக்கு, யார் எந்தத் தோட்டத்துக்கு என்ற முடிவு, மகளின் காதுகுத்துக்குச் சீட்டு எடுப்பது என்று ஓர் ஊரின் வாழ்வு முழுக்க அங்கே உண்டு. பல நேரம் ஜீப்புக்காரர்தான் ஆள் கூட்டுபவரும். அந்த ஓடும் ஊருக்கு எந்த ஸ்லேட்டரும் மாணவரை அனுப்பவில்லை.

எண்ணாமல் விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த மலையே பதில் சொல்லும். மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை கொடுத்தபோது தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்பது பெரிய வழக்கு. தேவிகுளத்தில் 1951 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ் பேசுவோரே பெரும்பான்மை. அவர்கள் தோட்டத்துக்கு வந்துபோகும் கூலிகள், நிலையான குடிகள் இல்லை என்ற வாதம் அன்று வலுவாக வைக்கப்பட்டது. 1956 நவம்பர் 1இல் இரண்டும் கேரளத்தோடு இருந்தன. எல்லைக்கோடு எங்கே போயிருக்க வேண்டும் என்று நான் இங்கே வழக்காட வரவில்லை. கோட்டின் இருபுறமும் என் உறவுகள் இருக்கிறார்கள். தலைமுறைகளாக ஒரு மலையில் வேலை செய்தவரை "வந்துபோகிறவர்" என்று ஒரு சொல்லால் கணக்கிலிருந்து கழிக்க முடிந்தது. எழுபது ஆண்டு ஆகியும் அந்தச் சொல் தேயவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைப் பதற்றத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் தோட்டங்களை விட்டுக் கீழே இறங்கினார்கள். 2020 ஊரடங்கில் எல்லை மூடப்பட்டு ஜீப்புகள் நின்றன. யார் யாருக்கு வேலை போனது என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரு ஜீப்புக்காரரிடம் போனேன். அவருடைய நாற்பது பக்க நோட்டில் பதினான்கு பெயர்கள் இருந்தன, யாருக்கு எத்தனை நாள் கூலி நிற்கிறது என்பதும் இருந்தது. நான் பார்த்ததிலேயே முழுமையான தொழிலாளர் ஆவணம் அதுதான்.

ராபர்ட் சேம்பர்ஸ் என்ற அறிஞர், வட ஆற்காட்டிலும் ஆய்வு செய்தவர், 1983இல் ஒரு நூலில் இந்தக் குறைகளையெல்லாம் பெயரிட்டு எழுதினார். தார்ச்சாலை ஓரத்தையே பார்ப்பது, மழையில்லாத மாதத்தில் வருவது, பேசத் தெரிந்த ஆணிடம் மட்டும் பேசுவது, சங்கடமான கேள்வியை மரியாதைக்காக விட்டுவிடுவது. அந்த நூலை எங்கள் குழுவில் எல்லோரும் படித்திருந்தார்கள். தம்பி அதைப் பரீட்சைக்கு மனப்பாடமாகவே வைத்திருந்தார். படித்ததை மறக்காதவர்கள் அவர்கள்.

அடியிலிருந்து பார்க்க முடியாது என்றும் இல்லை. ஜோன் மென்ச்சர் செங்கல்பட்டுப் பக்கம் சேரித் தெருவில் உட்கார்ந்து கேட்டு, சாதி அடுக்கு கீழிருந்து பார்த்தால் வேறாகத் தெரிகிறது என்று 1974இல் எழுதினார். ஜெயசீலன் ராஜ் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தலித் குடும்பங்களின் வாழ்வு குலைந்ததை லயத்துக்குள்ளிருந்து பார்த்து 2022இல் நூலாகத் தந்தார். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைப் பெண்கள் போனசுக்காகச் சாலையில் உட்கார்ந்தபோது தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி நிற்கச் சொன்னார்கள். தொழிலாளர் கருத்தைச் சங்க அலுவலகத்தில் கேட்டால் போதும் என்று நினைத்தவர்களுக்கு அதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? இவர்களுக்கெல்லாம் தனி மேதைமை இருந்தது என்று சொல்லி மற்றவர்கள் தப்ப முடியாது. இவர்கள் உட்கார்ந்த இடம் வேறு, வந்த நேரம் வேறு.

அந்த ஆய்வு நல்ல முறையில் முடிந்தது. அட்டவணைகள் அழகாக இருந்தன. என் பெயரும் நன்றியுரையில் இருந்தது. "எங்களையும் எழுதிக்கங்கப்பா" என்று கேட்ட அந்த அம்மாவை அதற்கு அடுத்த காய்க்காலத்தில் நான் பார்க்கவில்லை. விசாரித்தேன், முட்டி தேய்ந்து மலையேற முடியாமல் வீட்டோடு இருக்கிறார் என்றார்கள். இனி எந்தப் பகலில் போனாலும் அவர் வீடு திறந்திருக்கும். பதினொரு மணிக்குப் போகும் ஆய்வாளர் அவரைக் கட்டாயம் சந்திப்பார். தொழில் என்ற கட்டத்தில் "வேலை இல்லை" என்று பிழையில்லாமல் எழுதுவார்.

இவ்வளவு நேரம் தவறாமையும், இவ்வளவு பொறுமையும், மேடேறும் கால்வலுவும் உள்ளவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அடுத்த முறை குமுளியில் அறை எடுக்காதீர்கள், கம்பத்தில் எடுங்கள். காலை ஐந்து மணிக்கு முன்னால், தூக்குவாளியோடு பெண்கள் நிற்கும் இடத்தில் வந்து நில்லுங்கள். முதல் மூன்று நாள் எதுவும் கேட்க வேண்டாம். ஜீப்பில் முன்சீட்டு கொடுப்பார்கள், அதை வாங்காதீர்கள். பின்னால் ஏறி உட்காருங்கள்.